நனைந்த துண்டின் எடை

"கதவு தரையில உரசுது" என்றார் தனபாக்கியம் போனில்.
"அடி ரப்பர் போயிருக்கும்கா" என்றேன்.
வருகிற புகாரில் பாதிக்கு அதுதான் பதில்.

பகாவ். தாமானின் கடைசி வரிசை வீடு.
பின்சுவரைத் தாண்டினால் செம்பனை,
அதைத் தாண்டினாலும் செம்பனை.
குளியலறையில் மட்டும்
ஜொகூர் ஓட்டல் ஒன்றில் மகள் பார்த்து ஆசைப்பட்ட
சட்டமில்லாத கண்ணாடிக் கதவு.
பத்து மில்லி கனம், முப்பத்து மூன்று கிலோ.
சுவரோரம் இரண்டு கீல் பிடித்திருக்க
மீதியெல்லாம் சும்மா காற்றில் நிற்கிறது.

ரப்பர் மஞ்சளாகி விறைத்திருந்தது, உண்மை.
உப்புத் திட்டு, சவர்க்காரப் படலம்,
யாரோ இரும்பு நாரால் தேய்த்த கீறல்.
(வினிகரும் மெல்லிய துணியும் போதும்.
எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன்.)
ஆனால் மேல் கீல் நாலு மில்லி வெளியே வந்திருந்தது.
கதவு தன் எடையால் இப்படித் தொங்காது.
உட்பக்கம் பார்த்தேன்.
கைப்பிடிக்குக் கீழே, முக்காலி உயரத்தில்,
ஓரத்தைப் பற்றிய விரல்களின் தடம்,
ஒன்றன்மேல் ஒன்றாக, பல மாதத்துத் தடம்.
கதவைத் திறக்க யாரும் அங்கே பிடிப்பதில்லை.

கூடத்தில் வடமலை டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.
சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்.
முப்பது வருடம் செம்பனைக் குலை ஏற்றிய லோரி.
இப்போது இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

"பிடிச்சுக்கிற கம்பி ஒண்ணு போடலாமேக்கா?"
"மக வாங்கிட்டு வந்துச்சு. ஸ்டோர்ல தூக்கிப் போட்டுட்டாரு.
ஆஸ்பத்திரி மாதிரி இருக்காம்."

அடியில் இரண்டு மர ஆப்பு செருகி
நானும் அஸ்லானும் கதவை நிமிர்த்தினோம்.
இந்தக் கண்ணாடிக்கு ஒரு குணம்:
நெஞ்சில் குத்தினால் தாங்கும்,
மூலையில் தட்டினால்
மொத்தமும் அரிசியாய்க் கொட்டிவிடும்.
ரொம்பினில் ஒருமுறை கொட்டியது.
அன்றைக்குப் பிறகு மூலைக்குக் கீழே
மடித்த கோணி இல்லாமல் திருகாணியைத் தொடுவதில்லை.
உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே புது மெத்தை,
இறுக்கம் போதும் என்று கை சொல்லும் இடத்தில் நிறுத்தம்.
அதற்கு மேல் அரைச் சுற்று ஆசைப்பட்டால்
அடுத்த வேலை துடைப்பத்துக்கு.

வேனில் யாரோ வேண்டாமென்ற கம்பி கிடந்தது.
கறுப்பு, வழவழப்பு, பார்க்க அழகு.
ஓட்டைச் செங்கல் வரைக்கும் துளைத்து
பசை ஊற்றி நாலு போல்ட்.
"துண்டு மாட்டவா இத்தனை?" மலாயில் கேட்டான் அஸ்லான்.
முறைத்தேன். புரிந்துகொண்டான்.

துளைக்கும் சத்தம் நின்றதும்
சுவரைத் தடவிக்கொண்டு வந்துவிட்டார் அவர்.
"என்னாது இது?"
"துண்டுக் கம்பிண்ணே."
கிட்டே வந்து பார்த்தார், போல்ட்டை எண்ணினார்.
இழுக்கக் கை நீட்டினார், பாரம் கட்டிய கயிற்றை
கிளம்பும் முன் இழுத்துப் பார்ப்பது போல.
"நாளைக்குண்ணே. பசை காயணும்."
கையை இறக்கிக்கொண்டார்.
"எவ்ளோ எடை துண்டு தாங்கும்?"
"நனைஞ்சா, எண்பது கிலோ வரைக்கும்."

சிரிக்கவில்லை.
தண்ணீர்க் குழாயையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
"ம். இந்த வீட்டுத் துண்டு
நல்லாத்தான் நனையும்."

சிலிக்கானும் காய வேண்டும்,
நாளை இந்நேரம் வரை யாரும் குளிக்கக்கூடாது என்றேன்.
பில்லில் எழுதினேன்: கீல் மெத்தை நாலு, அடி ரப்பர் ஒன்று,
துண்டுக் கம்பி ஒன்று.
தனபாக்கியம் அந்தக் கடைசி வரியை
இரண்டு தடவை வாசித்துவிட்டுக் காசைக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போன்.
எனக்குத் திக்கென்றது.
"கதவெல்லாம் நல்லாருக்குப்பா.
துண்டு போடத்தான் இடமில்ல.
இன்னொரு கம்பி வேணும்,
சும்மா சின்னதா."