இருபது டிகிரி

ஊரம்பில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் வீடு.
அந்தப் பக்கம் லதிகாவின் வீடு, அது கேரளம்.
அங்கே கரண்ட் போகும் இரவில் இங்கே எரியும்.
மற்றபடி வித்தியாசம் தெரிய
மின்கம்பத்து எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே வாரத்தில் இரண்டு பார்சல்.
எனக்கு வந்தது இடுக்கி வைத்தது:
கத்தியின் முதுகைக் கவ்வும் அலுமினிய வாய்,
நீளக் கம்பி, கம்பியில் மாட்டும் கல்
இருநூறு, நானூறு, எண்ணூறு, ஆயிரத்தைந்நூறு.
பூட்டவே அரை மணி நேரம்.
அவளுக்கு வந்தது உருளை.
காந்தக் கட்டையில் கத்தியைச் சாய்த்து ஒட்டி
மேஜைமேல் உருட்டினால் போதும்,
பிள்ளைகள் டயர் உருட்டுவதுபோல.
விலையை அவள் முழுதாய்ச் சொல்லவில்லை.
நானும் கூப்பன் கழித்துத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை அவள் அடுக்களையில் வைத்துப் பார்த்தோம்.
வெட்டிப் பார்க்க ஒரு கட்டு லாட்டரிச் சீட்டு,
எல்லாம் பாலன் வாங்கி விழாமல் போனவை.
என் பக்கத்தில் இவற்றை விற்கக் கூடாது.
வெட்டலாம்.

கத்தி வாயில் மார்க்கரால் கறுப்புத் தீட்டி
ஒரே ஒரு இழுப்பு.
கல் பட்ட இடத்தில் மை போய்விடும்.
என்னுடையதில் நடுவில் வெள்ளி மின்னியது,
நுனி வளைவில் மட்டும்
கண் மை கலையாமல் இருந்தது.
அவளுடையதில் முழுக்கப் போயிருந்தது.
ஆனால் கொல்லன் அடித்த என் மீன் கத்தி
அவள் காந்தத்தில் நிற்கவில்லை.
மேடும் பள்ளமுமான உடம்பு,
வள்ளத்தில் எழுந்து நின்றவனைப்போல ஆடியது.

அண்டி ஆபீசில் பதினாறு வருஷம் கணக்கெழுதுகிறவள் நான்.
மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து
கோணமானியைக் கொண்டுபோயிருந்தேன்.
என் பெட்டியில் அச்சடித்தது இருபது டிகிரி,
அளந்தால் இருபத்திரண்டரை.
அவளுடையது பதினைந்து என்றது,
பதினைந்தேதான் இருந்தது.
அதை நான் சத்தமாகச் சொல்லவில்லை.

அவள் கத்தி சீட்டில் இறங்கியபோது
ஒலியே இல்லை.
என் கத்தி நுனியில் ஒருமுறை சிணுங்கியது.
"கொள்ளாம்" என்றாள்.
எங்கள் பக்கமும் உள்ள சொல்தான்.
அவள் சற்று இழுத்துச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை அவள் சக்கை வெட்டினாள்.
மெல்லிய வாய்
கூழையில் பட்டு மடங்கிப்போனது.
மலையாளப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்து,
உப்பு இருக்கிறதா என்று கேட்டாள்.
நான் உப்பைக் கொடுத்துவிட்டு
கத்தியை இடுக்கியில் மாட்டினேன்.
அன்று காலைதான் என் தடித்த இருபத்திரண்டரை
ஒரு சூரைத் தலையை இரண்டாக்கியிருந்தது.
வியாழக்கிழமை தக்காளிக் கத்தியோடு
அவள் வீட்டுக்கு நான் போனேன்.
நான் கேட்டது சீனி.

இரண்டு பெட்டியிலும் எழுதாத ஒன்று உண்டு.
ஒரு பக்கம் தேய்த்து முடித்தால்
மறுபக்கம் மயிரிழைப் பிசிறு எழும்பும்.
கண்ணுக்குத் தெரியாது, பெருவிரலுக்குத் தெரியும்.
என் விரலை அது பதம் பார்த்தது.
சொல்ல வெட்கப்பட்டு முந்தானைக்குள் மறைத்தேன்.
லதிகா தன் கையை நீட்டினாள்:
அதே விரல், என் கட்டைவிடப் பெரிய கட்டு.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வெட்டினோம்.
கத்திகள் மாறி, கல்லும் மாறி,
எது எதில் தீட்டியது என்றே
பாதிக்குமேல் நினைவில்லை.
சாயங்காலம் பாலன் வந்து
ஒரு சீட்டைத் தேடினார்.
கட்டின் மேலே வைத்திருந்தாராம்,
நாளைக்குத்தான் குலுக்கல்.

தரையில் உட்கார்ந்து
துண்டுகளைப் பரப்பித் தேடினோம்.
ஏழாம் எண்ணின் கழுத்தில் வெட்டு.
இரண்டு பாதியையும் சேர்த்து வைத்தபோது
வெட்டிய இடம் தெரியவில்லை.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
கண்ணாடி போட்டும் பார்த்தார்.
"இது யாருடைய கத்தி?" என்றார் கோபமாக.

"என்னுடையது" என்றேன்.
அதே நேரம் லதிகாவும்
"என்றே" என்றாள்.

சீட்டு விழவில்லை.
கத்தி யாருடையது என்பது
இன்னும் தீரவில்லை.