வெறும் வயிறு

வீரவநல்லூர் லேப். காலை ஆறரை.
நேற்று ராத்திரி எட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணிதான்.

நூற்று அறுபத்தெட்டு.

"ஒண்ணுமே திங்கலியே தாயி,
எங்கன கூடி ஏறுச்சு?"
பாபநாசம் வண்டியில்
பத்தொன்பது வருசம் டிக்கெட் கொடுத்தவன்
வேறெப்படிக் கேட்பான்?

ஜெபக்கனி சிரிக்கவில்லை.
"நீங்க தூங்குனாலும் ஈரல் தூங்காதுண்ணே,
விடியுமுன்ன அதுவே சீனிய ஏத்தி விடும்.
ஸ்டாப் வந்தும் கதவு தொறக்கலன்னா
ஏறுனது எங்க இறங்கும்?
ரத்தத்துலயே நிக்கும், ஃபுட்போர்டு வரைக்கும்."

மூன்று நாளாய்
சேரன்மாதேவி டீக்கடைப் பக்கம்
நான் இறங்கவே இல்லை.
அதைச் சொல்லவில்லை.

"மூணு மாசக் கணக்கும் பார்த்திருவோம்."

பத்தமடை வளைவில்
செக்கிங் கைகாட்டியதுபோல் இருந்தது.
சீட்டுக்கடியில் குனிந்து கிடந்த டீயெல்லாம்,
அரைச் சீனி, முழுச் சீனி,
டிக்கெட் இல்லாமல் எழுந்து நின்றன.