மேஸ்திரி சிரிப்பதற்குள்

நோட்டீசில் அவன் பெயர் கடைசி,
எழுத்து மட்டும் பெரிசு:
பபூன் தூசிமுத்து.
சம்பளமும் கடைசியில்தான் வரும்.
ராஜபார்ட் வெந்நீர் குடிக்க,
ஸ்திரீபார்ட் சேலை மாற்ற,
சிக்கிய படுதாவை யாராவது ஏறி அவிழ்க்க
எவ்வளவு நேரமோ
அவ்வளவுதான் அவன் நாடகம்.
பதினேழு வருஷம் இப்படி
அடுத்தவன் தாகத்தில் பிழைத்தான்.

நான் ஆர்மோனியம்.
ராஜபார்ட்டுக்கு ஐந்து கட்டை.
தூசிமுத்துவுக்குக் கட்டை ஏது?
எங்கே இருமுகிறானோ
அங்கே சுருதி சேர்ப்பேன்.

ரங்கூனில் இறங்கிய அன்றே
ஒரு பர்மியச் சொல் படித்துக்கொண்டான்.
'சாப்பிட்டாயா' என்று கேட்பதாக நினைப்பு.
பழக்காரி கூடையை அடித்து அடித்துச் சிரித்தாள்.
என்ன சொன்னான் என்று அவளும் சொல்லவில்லை,
இவனும் திருத்திக்கொள்ளவில்லை.
மோல்மீன், பெகு, பியாப்பம்
எங்கு போனாலும் அதே தப்பை
அதே இடத்தில் வைப்பான்.
நான் ஒரு ஸ்வரம் நிறுத்தி வழிவிடுவேன்.

ஊருக்கு ஊர் சிரிப்பு வேறு என்பான்.
துறைமுகத்தில் வயிற்றால்,
கணக்கப்பிள்ளைகள் மூக்கால்.
'ஆலைச் சனம் மட்டும்
சிரிக்குமுன் தலையைத் திருப்புது, பாத்தியா?'
பார்த்தேன்.
முன்வரிசை நாற்காலியில் மேஸ்திரி.
அவர் மீசை அசைந்தால்
பின்னால் நானூறு பேர் அசைவார்கள்.
அன்றிலிருந்து அவனுக்கு ஒரே வைராக்கியம்,
மேஸ்திரி சிரிப்பதற்குள்
அவர்களைச் சிரிக்க வைப்பது.

படகில் ஒத்திகை. அடுப்புப் புகையில் ஒத்திகை.
வார்த்தையைக் குறைத்தான்,
மூச்சைக் குறைத்தான்.
எத்தனையோ இரவு
ஒரு கண்ணிமைப்பில் தோற்று வந்து
பவுடரைத் துடைக்காமலே படுத்தான்.

பசீனில் நெல் வரும் மாசம்.
கிட்டங்கிக்குள் மேடை, மூட்டைமேல் ஜனம்.
செத்துப்போன கூலியாக வந்தான்.
எமன் ஏட்டைப் புரட்டித் திருப்பி அனுப்புகிறான்:
'உன் பேரில் பதினெட்டு ரூபாய் பற்று இருக்கு,
போய் மேஸ்திரிகிட்ட
உத்தரவு வாங்கிட்டு வா.'

ஒரு தலை திரும்பவில்லை.
தகரக் கூரை அதிர்ந்தது.
புறாக்கள் கிளம்பி
எல்லார் தலையிலும் உமி கொட்டியது.
நான் துருத்தியை மறந்து உட்கார்ந்திருந்தேன்.
தூசிமுத்து என்னைப் பார்த்தான்,
சிரிக்கவில்லை.

மேஸ்திரி துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

காலையில் காண்டிராக்ட் ரத்து.
சிரித்தவர்களுக்கு அரைநாள் கூலி பிடித்தம்.
யாரும் எங்களை ஏசவில்லை.
ஒருவன் மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு,
'அரைநாள் கூலிக்கு மலிவுதான்' என்றான்.
படகுக்கூலி, அரிசி, விளக்கெண்ணெய் என்று
எங்கள் பேரிலும் ஒரு பற்று:
நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
ராஜபார்ட் மோதிரத்தை விற்று ரங்கூனுக்கு ஏறினார்.
நாங்கள் மூட்டைக்கு ஏறினோம்.

முதல் நாளே, பலகைப் பாலத்தில்
கால் இடறி, மூட்டையோடு விழுந்தான் தூசிமுத்து.
ஆற்றங்கரை முழுக்கச் சிரிப்பு.
'இன்னொரு தரம்!' என்று கைதட்டல்.
முழங்கால் பூசணியாய் வீங்கிக்கொண்டிருந்தது.
எழுந்தான்.
கிழிந்த மூட்டையைக் குனிந்து பார்த்து
அந்தத் தப்பான பர்மியச் சொல்லைக் கேட்டான்,
சாப்பிட்டாயா என்று,
அல்லது அது என்னவோ, அதை.

எடை போடும் பர்மாக்காரன்
தராசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.
மேஸ்திரியும் சிரித்தார்.
கடைசியாக.

கடன் தீர ஐந்து வாரம் ஆயிற்று.
கால் நேராகவில்லை.
அந்த நடைக்கு நான் ஒரு மெட்டுப் போட்டேன்,
நாலாவது அடியில் கொஞ்சம் குறையும்.
அடுத்த கம்பெனி நோட்டீசில்
'நொண்டி நடைப் புகழ்' என்று அச்சடித்தார்கள்.
இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டான்.
ஒன்றேகால் கொடுத்தார்கள்.