நிலை: சுமார்

ஆரியங்காவில் ஜூன் பிறந்தால்
புத்தகங்கள் ஊதிக்கொள்ளும்.
அலமாரிக்குள் இரவெல்லாம் ஒரு ஜீரோ வாட் பல்பு,
கோழிக்குஞ்சுகளுக்கு எரிவதுபோல.
தட்டுக்கு ஒரு துண்டு வசம்பு.
மலைக்கு இந்தப் பக்கம் வாடகை குறைவு,
அந்தப் பக்கம் பழைய காகிதம் மலிவு.
சனிக்கிழமைகளில் போய்வருகிறேன்.

கடையநல்லூரில் ஒரு வீட்டை இடித்தார்கள்.
கிலோ பதினாறு ரூபாய் என்று எடுத்தேன்.
நாற்பது கிலோவில் முப்பத்தெட்டு
பஞ்சாங்கமும் பரீட்சை கைடும்.
மீதி இரண்டில் இது கிடந்தது:
நாவல், 1946.

முதல் பதிப்பா என்று அட்டை சொல்லாது,
விலை சொல்லும்.
‘ரூபாய் ஒன்று. திருவிதாங்கூரில்
இருபத்தெட்டரைச் சக்கரம்.’
இரண்டாம் பதிப்பில் சக்கரம் இல்லை.
அதற்குள் அந்தக் காசு செல்லாமல் போயிருந்தது,
செங்கோட்டையும்
இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தது.

காரைக்குடி நாச்சியப்பன் போனில் கேட்டார்:
கண்டிஷன்?

முதுகு இறுக்கம் சார், தையல் விடவில்லை.
பின்னட்டையில் தேநீர் வளையம் ஒன்று,
அதன்மேல் பாதி தள்ளி இன்னொன்று,
ஒரே ஆள், ஒரே டம்ளர்.
உள்ளே ஊதா மையில்
‘பா. செய்யது மசூது, ஐந்தாம் பாரம்.’
‘ஐந்தாம்’ அடிக்கப்பட்டு ‘ஆறாம்’.
தாளை மடித்தால் ஒடியுமா என்றால்
நான் மடித்துப் பார்க்கவில்லை,
நீங்களும் பார்க்காதீர்கள்.

ஓட்டை?
ஒன்று.
பூச்சியா?
போலீஸ்.

புளியரைச் சோதனைச் சாவடியில்
ரேஷன் அரிசி தேடுகிறார்கள்.
ஏட்டு சுடலையாண்டி குத்தூசியை
என் சாக்கில் இறக்கி உருவினார்.
நுனியில் அரிசி இல்லை,
கொஞ்சம் பழுப்புத் தூள்.
உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார்,
முகர்ந்தார்,
ஊதிவிட்டார்.

முன்னட்டையில் ஓட்டை பட்டாணி அளவு.
அறுபத்தோராம் பக்கத்தில் வெறும் புள்ளி,
அதற்குமேல் கம்பி போகவில்லை.
இடையே நாற்பத்து மூன்றில்
சரியாக ஓர் எழுத்தின் அகலம்:

‘அவள் திரும்பியபோது சுவரில் ஒரு நி ல்.’

க போட்டுப் பார்த்தேன், ச, த, ப.
ழ மட்டும்தான் அதில் உட்கார்ந்தது.
இல்லாமலும் வாசிக்க முடிந்தது,
அதுதான் தூங்கவிடவில்லை.

சரிபார்க்க இரண்டாம் பதிப்பைப் பிரித்தேன்,
அதுவும் என்னிடம் உண்டு, நிலை நன்று,
ஒரு கறையில்லை, யார் பெயருமில்லை.
அதில் அந்தப் பத்தியே இல்லை.
எழுதியவர் எடுத்திருக்கலாம்,
அச்சுக்கோத்தவருக்கு இடம் போதாமல் இருந்திருக்கலாம்.
அவள் திரும்பவே இல்லை,
நேராகச் சமையலறைக்குப் போகிறாள்.

இதையெல்லாம் போனில் சொன்னேன்.
நாச்சியப்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பூச்சி என்றால் கால் பங்கு குறைப்பேன்,
போலீஸுக்கு எவ்வளவு குறைப்பது என்று
தெரியவில்லையே என்றார்.
நாலாயிரம் சொன்னேன்.
மூவாயிரத்து இருநூறு.

ஓட்டைக்கு ஜப்பான் தாள் ஒட்டட்டுமா என்று கேட்டதற்கு
வேண்டாம் என்றார். எனக்கும் அதுதான்.
குறிப்பு அட்டையில் எழுதினேன்:
முதல் பதிப்பு. நிலை சுமார்.
பக்கம் 43இல் ஓர் எழுத்து குறைவு.
ழ-வாக இருக்கலாம்.
‘சுமார்’ என்று எழுத
இவ்வளவு நேரம் எனக்கு ஆனதில்லை.

இப்போதெல்லாம் சாக்கின் ஓரம் சுற்றி
பத்தாம் வகுப்பு கணக்கு கைடுகளை அடுக்குகிறேன்.
நல்லவை நடுவில்.
போன சனிக்கிழமை சுடலையாண்டி குத்தி உருவி
நுனியைப் பார்த்தார்.
இன்னைக்கு என்னடே?
முக்கோணவியல் சார்.
போ என்று கையைக் காட்டினார்.