பதினான்காம் வீடு

டொலீடோவில் அக்டோபர் கடைசி இரவு.
பூசணிக்குள் மெழுகுவர்த்தி.
என் கையில் பதினேழு முகவரிகள்.
வாசல் விளக்கு அணைந்திருக்கிறதா,
‘இங்கே மிட்டாய் இல்லை’ அட்டை தொங்குகிறதா,
பார்த்துக் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பதினான்காம் வீட்டில் ஆர்வில் ஸ்ட்ராட்
இருட்டில் உட்கார்ந்திருக்கிறான்,
கணுக்கால் கருவி சார்ஜ் ஏறும்வரை
இரண்டு மணி நேரம் சுவரோடு கட்டுண்டு.
அவன் செய்ததைப் படித்திருக்கிறேன்;
இரக்கம் வரவில்லை. குறித்துக்கொண்டேன்.

அடுத்த வீடு ஒரே வெளிச்சம்.
நீச்சல் பயிற்சியாளர், ஊருக்கே பிடித்தவர்,
கை நிறைய மிட்டாயோடு குனிகிறார்.
தேனீ வேடமிட்ட சிறுமி
கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.
“போ, வாங்கிக்கோ” என்கிறாள் அம்மா.
சிறகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்,
ஏறவில்லை.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
இதற்கென்று ஒரு கட்டமும் இல்லை.
பதினைந்தாம் முகவரி
இரண்டு தெரு தள்ளி.