எஃப்

பெண்டில் ஹில்லில் மாநகரசபை
பெருங்குப்பை அள்ளுகிற கிழமை.
கால் உடைந்த கதிரைக்கும் நனைந்த மெத்தைக்கும் நடுவில்
குடல் எடுத்த மீனைப்போல் கிடந்தது பெட்டி.
பக்கக் கதவு இல்லை.
ஏலம் முடிந்த வீட்டு வேலியோரம் எறிந்திருந்த,
முகவர் சிரிக்கிற பிளாஸ்டிக் பலகையை
அளந்து வெட்டினேன்.
பாதிச் சிரிப்பு கழிவாய்ப் போனது.
மீதி, ‘விற்கப்பட்டது’ என்ற சிவப்புப் பட்டையோடு
எங்கள் அறையைப் பார்த்தபடி.
இந்த ஊரில் நான் கதவு போட்ட முதல் வீடு.
உயரம் நாற்பத்தைந்து சென்ரிமீற்றர்.

மற்றதெல்லாம் காசு.
தாய்ப்பலகை நூற்றுப்பத்து.
மின்வழங்கி எழுபத்தைந்து.
“அதிலை மட்டும் நப்பித்தனம் பாக்காதை,
வீடு எரிஞ்சால் பொண்ட் காசு திரும்பாது” என்றான்
வயரிங் வேலைக்குப் போகிற சுதேசன்.
நினைவுத் துண்டு ஒன்று, முப்பத்தொன்பது.
அருகில் இன்னோர் இடுக்கு
பிடுங்கிய பல்லின் இடம்போல் வெறுமையாய்.
செயலி நூற்று இருபத்தொன்பது.
அதே எண், அதே நீலப் பெட்டி,
பக்கத்தில் இருந்ததை விட இருபத்தாறு டொலர் மலிவு.
வால் நுனியில் ஓர் எழுத்து மட்டும் கூட: எஃப்.
எழுத்துக் கூடினால் விலையும் கூடவேணுமே
என்று ஒரு கணம் தோன்றியது.
ஒரு கணம்தான்.

கோழி ஆலையில் இரவு வேலை முடித்து வந்து
காலை ஏழுக்குத் தொடங்கினேன்.
வெளியே அப்போதே முப்பத்துநாலு.
வெப்பப் பசை ஒரு பட்டாணி அளவு போதுமாம்.
ஊறவைத்த பட்டாணியா ஊறாததா
யாரும் சொல்லவில்லை.
விசிறியின் நாலாவது கால் ‘டக்’கென்று இறங்கியபோது
பலகைதான் முறிந்ததென்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆளியை அழுத்தினேன். விசிறி சுற்றியது.
திரை கறுப்பு.
வயரை மாற்றினேன், கறுப்பு.
நினைவுத் துண்டை மற்ற இடுக்கில் செருகினேன், கறுப்பு.
அதில் தெரிந்தது வேர்த்த என் முகமும்
பின்னால், கட்டிலில் சாத்திவைத்த முகவரின் பாதிச் சிரிப்பும்.

சுதேசன் ரசீதை எடுத்து, போனில் தேடி,
மெதுவாய்ச் சொன்னான்:
“எஃப் எண்டால் படம் காட்டாதாமடா.
அதுக்குத் தனி அட்டை வேணுமாம்.”

ஐந்து இலக்கமும் பார்த்தவன்
அந்த ஒரு எழுத்தைப் பார்க்கவில்லை.
தமிழில் எழுதினால் இன்னும் மோசம்.
நடுவில் ஆய்தம் உட்கார்ந்திருக்கிறது,
மூன்று கண் வைத்துக்கொண்டு
ஒன்றையும் காட்டாமல்.
ஓரெழுத்து ஒருமொழி என்று பள்ளியில் படித்தோம்.
ஆ என்றால் பசு. தீ என்றால் நெருப்பு.
எஃப் என்றால் இல்லை.

அலுமாரியில் ‘பல்’ என்று எழுதிய கடித உறை.
வலப்பக்கம், கீழ்க் கடைவாய். ஆறு மாதச் சேமிப்பு.
நூற்றுப்பத்தை உருவிக்கொண்டு
பிளாக்டவுன் ரயில் நிலையக் கார்த் தரிப்பிடத்துக்குப் போனேன்.
செமி, பிஜிக்காரன்.
மகள் பிறந்துவிட்டாளாம், இனி விளையாட நேரமில்லையாம்.
அணையாடைப் பைக்குள் இருந்து அட்டையை எடுத்தான்,
பால்மா மணத்தோடு.
தொண்ணூறுக்குக் கேட்டேன்.
என் கன்னத்து வீக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான்.
தொண்ணூறுக்கே தந்தான், வயர் சும்மா.

மாலை நாலு மணிக்கு வந்தது வெளிச்சம்.
செயலி வெப்பம் நாற்பத்தொன்பது பாகை,
எங்கள் அறையை விட எட்டுத்தான் கூட.
திகதி: ஜனவரி ஒன்று, நள்ளிரவு.
பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.
நாளும் நேரமும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
அடியில் ஒரு வரி:
தொடங்குவதற்கு வட்டு எதுவும் இல்லை.

வட்டு அடுத்த சம்பளத்தில்.
அதுவரை இரண்டு கிழமை,
வேலைக்குப் போகுமுன் தினமும் ஏற்றி
அந்த ஒரே பக்கத்தை வாசித்தேன்.
“அப்ப பல்லு?” என்றான் சுதேசன்.
பாணை இடப்பக்கத்தால் மென்றபடி
விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று
அவனுக்கும் வாசித்துக் காட்டினேன்.