மூன்று மில்லி

சூரமங்கலத்தில் ரயில் கூவும் நேரத்தில்
குழந்தைவேலின் ஸ்டெப் கோப்பு வந்து சேர்ந்தது.
ஏற்காடு பஸ்ஸின் பட்டாவைத் தாங்கும் பிராக்கெட்,
நீளம் இருநூற்று நாற்பது மில்லிமீட்டர்.
என் மென்பொருள் மீட்டர் என்று வாசித்துவிட்டது.
திரை நிறைய
இன்னொரு சேர்வராயன்.

ஆயிரத்தால் வகுத்தேன்.
அப்புறமும் வலை விழ மறுத்தது.
இரண்டு முகங்கள் சேருமிடத்தில்
முடி நுழையும் சந்து.
அவன் திரையில் மூடியிருக்கிறது,
என் திரையில் ஒழுகுகிறது.
போனில் இருவரும் ஒரே எண்ணைத்தான் சொன்னோம்,
கத்தி.

சந்தை நானே தைத்தேன்.
தைத்த கையோடு,
சீக்கிரம் முடியட்டுமென்று
உள்மூலையின் சின்ன ரேடியஸையும் வழித்தெடுத்தேன்.
கணக்கு ஓடியது.
மூலை மட்டும் ரத்தச் சிவப்பு.

"உடையும்" என்றேன்.
படத்தை அனுப்பச் சொன்னான்.
வெகுநேரம் பேச்சில்லை.
"மூணு மில்லி எங்கே?
அழகுக்கா போட்டேன் அதை?"

திரும்ப வைத்தேன்.
வலை பொடியாகி லட்சங்களைத் தாண்டியது.
பதினாறு சதவீதம் என்றது திரை, இரவு ஒன்றரைக்கு.

மொட்டை மாடியில் குளிர்.
மலைமேல் ஏதோ வண்டியின் விளக்கு
கொண்டை ஊசி வளைவில் மறைந்தது.
காத்திருந்தேன்.
நான் பார்க்காத பக்கத்திலிருந்து
வந்தது.